சாம்பிள் பீஸ்

திருப்பூரில் கம்ப்யூட்டர் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் கெட்டுப்போகலாம். சனிக்கிழமை மட்டும் ஆகாது. அன்றைக்குச் சம்பளம். சாயங்காலம் ஆறு மணியானால் டைலர்கள், கைமடிகள், செக்கிங் பெண்கள் எல்லோரும் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு ஆபீஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை எதிர்பார்த்து மளிகைக்கடை, மளிகைக்கடையை எதிர்பார்த்து அரிசி மண்டி என்று ஊரே வரிசையில் நிற்கும். 1993-ல் அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பெரியப்பா கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டரை நான் கெடுத்தேன். கெடுத்தேன் என்பது சபை நாகரிகத்துக்காகச் சொல்வது. வழித்துத் துடைத்தேன்.

640 கேபி நினைவகம், 20 எம்பி ஹார்டு டிஸ்க், பச்சை எழுத்துத் திரை. அதற்குப் பிளைவுட் தடுத்து ஒரு கேபின், ஒரு டன் ஏசி. பெரியப்பாவின் தலைக்கு மேலேயே வெறும் மின்விசிறிதான் சுற்றியது. கேபினுக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆயுத பூஜையன்று மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். இத்தனை மடியாக வைத்திருந்தும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முயல்குட்டி படுத்திருப்பது மாதிரிப் பஞ்சு இருக்கும்.

ஒவ்வொரு டைலரும் அன்றன்று தைத்த பீஸ் கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கணக்குப்பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றிய கையோடு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். “அதான் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சேங்க!” விஞ்ஞானத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் அப்போது கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி லேபில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஒருவன் தட்டுவான், ஒருவன் சொல்லுவான், ஒருவன் ஏசியில் தூங்குவான். நான் மூன்றாமவன். எனக்கே எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தால் உலகத்தைப் புரட்டிவிடுவேன் என்ற நினைப்பில், மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் அடங்கிய, காப்பிக்குக் காப்பியாகக் கைமாறி வந்த ஒரு கட்டுப் பிளாப்பிகளோடு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம். ஹார்டு டிஸ்க்கின் இரண்டாவது பகுதியைச் சுத்தம் செய்து மினிக்ஸை அங்கே குடிவைப்பது திட்டம். 2 அடிக்க வேண்டிய இடத்தில் 1 அடித்தேன். “நிஜமாத்தான் சொல்றியா?” என்று கேட்கிற பழக்கம் யூனிக்ஸ் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் கைகட்டி நின்றது.

அந்தப் பழியில் பாதி என்னுடையது. மீதிப் பாதியை ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஒரு வாத்தியார் தலையில் போடுவதாக அன்றைக்கே முடிவு செய்தேன்.

கதை அவருக்கும் முன்னால் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஏடி அண்ட் டி என்று ஒரு டெலிபோன் கம்பெனி. அதன் பெல் ஆய்வகத்தில் 1969-ல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை நெய்யத் தொடங்கினார்கள். டெலிபோன் கம்பெனி டெலிபோன் வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்று 1956-லேயே அரசாங்கத்தோடு ஒரு உடன்பாடு இருந்ததால் அதைக் கடைபோட்டு விற்க முடியவில்லை. விற்க முடியாத சரக்கை என்ன செய்வார்கள்? தானம் செய்வார்கள். பல்கலைக்கழகங்களுக்கு ஏதோ பேருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு மூல நிரலோடு கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் 1976-ல் அதன் ஆறாம் பதிப்புக்கு வரிவரியாக உரை எழுதினார். நச்சினார்க்கினியர் பார்த்திருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்.

இத்தனை பேர் ஆசைப்படுகிறார்களே, அப்படியானால் இதில் காசு இருக்கிறது என்று முதலாளிக்கு உறைத்தது. 1979-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது, இதன் நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள். உடுத்திக்கொள்ளலாம், தையலைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. லயன்ஸின் உரை உடனே தலைமறைவு இலக்கியமாயிற்று. உலகமெங்கும் மாணவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து கொசுவாக மாறும் வரை படித்தார்கள். முறையாக அச்சில் வர 1996 ஆயிற்று. பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் வாங்குவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது நம் வாத்தியார். ஆண்ட்ரூ டானென்பாம், நியூயார்க்கில் பிறந்து ஆம்ஸ்டர்டாமின் விரிஜே பல்கலைக்கழகத்தில் குடியேறியவர். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்த வேண்டும், பிரித்துக் காட்ட ஒன்றும் இல்லை. நம் ஊர் வாத்தியாராக இருந்தால் நோட்ஸ் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்திருப்பார். இவர் பிடிவாதக்காரர். ஏடி அண்ட் டி-யின் ஒரு வரியைக்கூடத் தொடாமல், வெளித்தோற்றத்தில் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு மாதிரியே நடந்துகொள்ளும் ஒன்றைத் தானே எழுத உட்கார்ந்தார். வெளிநாட்டுச் சட்டையை வாங்கி, பிரிக்காமல், தொட்டுத் தொட்டுப் பார்த்தே பேட்டன் போடுவார்களே, அந்த வித்தை. அதில் நம் ஊர்க் கட்டிங் மாஸ்டர்கள் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் என்றாலும், பட்டத்தை யாரும் நேரில் கொடுத்ததில்லை.

பெயர் மினிக்ஸ். எழுதியது ஐபிஎம் பிசிக்கு. முதலில் அதன் 8088 சிப்பை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு போலியை மென்பொருளில் உண்டாக்கி, அதில் ஓட்டிப் பார்த்தார். கச்சிதமாக ஓடியது. நிஜ மெஷினில் ஏற்றினால் கொஞ்ச நேரம் ஓடும், காரணமே இல்லாமல் மல்லாந்துவிடும். தேடித் தேடிப் பார்த்தார், பிழை சிக்கவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்ற நிலைமை. அப்போது ராபர்ட் வான் ரெனெஸ் என்ற மாணவர், அந்தச் சிப் சூடானால் 15-ஆம் எண் இன்டரப்ட் என்ற குறுக்கீடு ஒன்றைக் கிளப்பும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். மேனுவலில் அப்படி ஒரு சமாசாரமே இல்லை. இருந்தாலும் போகிறது என்று, அந்த இன்டரப்ட் வந்தால் ‘நான்தான் பதினைந்து, என்னை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை’ என்கிற பொருளில் ஒரு செய்தி வரும்படி வாத்தியார் கேலியாக எழுதி வைத்தார். மெஷின் சூடேறியது. பதினைந்தார் திரையில் வந்து நின்று வணக்கம் சொன்னார்.

ஒரு மாணவனின் வம்புப் பேச்சில்தான் மினிக்ஸ் பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தால் 1993-ல் எங்கள் கம்பெனிச் சம்பளக் கணக்கு பிழைத்திருக்கும் என்பதையும் வரலாற்று நேர்மைக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

1987-ல் புத்தகம் வந்தது. பின்னிணைப்பில் சுமார் 12,000 வரி நிரல், அச்சில். தனியாக 69 டாலருக்குப் பிளாப்பிகள். இந்தியாவில் ‘ஈஸ்டர்ன் எகானமி எடிஷன்’ என்ற பெயரில் மெல்லிய தாளில் மலிவாகக் கிடைத்த புத்தகத்தைத்தான் எங்கள் தலைமுறை படித்தது. படித்தது என்பதும் சபை நாகரிகம்தான்.

டச்சுக்காரர்களுக்கும் திருப்பூருக்கும் அதற்குள் சம்பந்தம் ஏற்பட்டிருந்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்து சேர்ந்தார். உள்பனியன் ஊர் வெளிநாட்டுக்காரர்களின் வெளிச்சட்டைக்கு மாறியது அதற்குப் பிறகுதான். 1981-ல் சி அண்ட் ஏ வந்தது. 1841-ல் நெதர்லாந்தின் ஸ்னீக் ஊரில் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்த துணிக்கடை அது. ஆகவே 80-களில் ஆம்ஸ்டர்டாமில் ராத்திரி விழித்து நிரல் எழுதிய ஏதாவது ஒரு பையன் முதுகில், திருப்பூர்க் காதர்பேட்டைப் பக்கம் தைத்த டி-ஷர்ட் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். ஆதாரம் கேட்காதீர்கள். ஆசைக்கு ஆதாரம் தேவையில்லை.

அந்தப் பையன்களில் பல பேரிடம் ஐபிஎம் பிசி இல்லை, விலை அதிகம். வீட்டில் இருந்தது அட்டாரி எஸ்டி. 1985-ல் வந்தது. ஜாக் டிராமியல் என்ற மனிதரின் கைங்கரியம். போலந்தில் பிறந்து, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் தட்டச்சு இயந்திரம் ரிப்பேர் பார்த்து, கமடோர் கம்பெனியைக் கட்டி, அதிலிருந்து 1984-ல் வெளியேறிய சூட்டோடு அட்டாரியை வாங்கியவர். மக்கின்டோஷ் மாதிரி ஜன்னல், மவுஸ் எல்லாம் வைத்து, மக்கின்டோஷின் விலையில் சிறு பங்குக்குக் கொடுத்ததால் அதற்கு ‘ஜாக்கின்டோஷ்’ என்று பட்டப்பெயர். விலையைக் குறைத்தே எதிரியை வீழ்த்துவது அவர் தர்மம். காதர்பேட்டையில் கடை போட்டிருந்தால் இரண்டே வருஷத்தில் சங்கத் தலைவர் ஆகியிருப்பார்.

அட்டாரிக்குள் இருந்தது மோட்டோரோலா 68000, எட்டு மெகாஹெர்ட்ஸ். ஐபிஎம்காரர்களின் 8088-ஐவிட நல்ல சிப். மினிக்ஸ் அதற்கு வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பலர். வேலையில் இறங்கியவர்கள் இரண்டு பேர்: யோஹான் ஸ்டீவன்சன், யோஸ்ட் முல்லர். லினக்ஸ் எழுதிய லினஸ், லினஸ் என்று இன்றைக்கு உலகமே சொல்கிறது. இந்த இரண்டு பேரை யாரும் சொல்வதில்லை. ஒரிஜினல் டிசைனருக்குப் பெயர், பிராண்டுக்குப் பணம், மாற்றித் தைத்தவனுக்குப் பீஸ் ரேட். ஊரூருக்கு இதே நியாயம்தான் போலிருக்கிறது.

மினிக்ஸ் சி மொழியில் எழுதியதுதானே, அட்டாரியில் கம்பைல் செய்தால் முடிந்ததல்லவா என்று கேட்பீர்கள். மெர்ச்சண்டைசர்களும் அப்படித்தான் கேட்பார்கள்: “அதே டிசைன்தானே, 24 கேஜ்ல ஓட்டினதை 28-ல ஓட்டுங்க.” கேஜ் என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. ஊசி மாறினால் நூல் மாறும், நூல் மாறினால் எடை மாறும், எடை மாறினால் துவைத்த பிறகு சுருங்குவது மாறும். கடைசியில் சட்டை மட்டும் அதே சட்டையாக இருக்க வேண்டும்.

முதல் தகராறு எண்களில். இரண்டு பைட் கொண்ட ஓர் எண்ணை எழுதும்போது 8088 சின்ன பைட்டை முதலில் வைக்கும், 68000 பெரிய பைட்டை முதலில் வைக்கும். அமெரிக்க பையர் 03/04 என்று ஷிப்மென்ட் தேதி எழுதினால் அவருக்கு அது மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. இரண்டு பேரும் சரி. நடுவில் ஒரு மாதம் காணாமல் போய், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போய், லாபம் முழுக்க ஆகாயத்தில் கரையும். பிசியில் எழுதிய பிளாப்பியை அட்டாரியில் போட்டால் கோப்பு அளவெல்லாம் இந்தக் கதிதான்.

இரண்டாவது, குண்டு. 8088 ரொம்பச் சாது. நினைவகத்தில் எந்த முகவரியிலிருந்து இரட்டை பைட்டை எடுக்கச் சொன்னாலும் எடுத்துக் கொடுக்கும். 68000-க்கு ஒற்றைப்படை முகவரி ஆகாது, அபசகுனம். கேட்ட மாத்திரத்தில் தீட்டுப்பட்ட பாட்டி மாதிரிக் கூச்சல் போடும். அட்டாரி அந்தக் கூச்சலைத் திரையில் படமாகவே காட்டியது, வரிசையாகக் குட்டிக் குட்டி வெடிகுண்டுகள். இல்லாத நினைவகத்தைத் தொட்டால் இரண்டு குண்டு, ஒற்றைப்படையைத் தொட்டால் மூன்று. பிசியில் அசிரத்தையாக எழுதி, தெய்வாதீனமாக ஓடிக்கொண்டிருந்த நிரலெல்லாம் இங்கே வந்ததும் தீபாவளி கொண்டாடும். எழுதியவனின் சோம்பேறித்தனம் வேறு ஊருக்குப் போனால்தான் தெரியும் என்பது உண்மைதான். என் கையெழுத்து கோவை போன பிறகுதான் சந்தி சிரித்தது.

மூன்றாவதுதான் பெரிய சங்கடம். இதை விளக்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் இல்லை.

யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு நிரல் புது நிரலைப் பெறுவது ‘ஃபோர்க்’ என்ற முறையில். தாய் தன்னையே அச்சு அசலாகப் பிரதி எடுக்கும். பிரதிதான் பிள்ளை. தாயின் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் பிள்ளையின் ஞாபகத்திலும் இருக்கும், இன்னது இன்ன முகவரியில் என்பது உட்பட. 8088-ல் இதனால் தொந்தரவில்லை. அங்கே முகவரி என்பது வீட்டுக் கதவு எண் மாதிரி. தெருப்பெயர் தனியாக ஒரு ரிஜிஸ்டரில் இருக்கும். தாய் முதல் தெரு நாலாம் நம்பர், பிள்ளை ஐந்தாம் தெரு நாலாம் நம்பர். இரண்டும் ‘நான் நாலாம் நம்பர்’ என்றே நினைத்துக்கொண்டு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். அட்டாரியின் 68000-ல் தெருவே கிடையாது. ஊர் முழுக்க ஒரே நீளத்துக்கு எண் போட்டிருக்கிறது. தெரு பிரித்துத் தரும் எம்எம்யூ என்ற சிப்பை வைத்தால் ஜாக் டிராமியலின் விலை கட்டுப்படியாகாது. ஆகவே தாய் நாலாம் நம்பர் என்றால் பிள்ளையும் அதே நாலாம் நம்பரில்தான் இருந்தாக வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் அதன் ஞாபகத்திலுள்ள முகவரியெல்லாம் தாய் வீட்டையே காட்டும்.

ஒரே வீட்டில், ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் இரண்டு பேர். என்ன செய்வது?

திருப்பூரில் எந்த லைன் வீட்டுப் பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து ரூம், சுவரோரம் ஒரு பாய். பகல் ஷிப்ட்காரன் ராத்திரி அதில் படுப்பான், நைட் ஷிப்ட்காரன் பகலில் படுப்பான். ஒருவன் வந்ததும் மற்றவன் தன் போர்வை, தலையணை, அவன் ஊர் அம்மன் படம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுக் கிளம்புவான். வந்தவன் தன் பெட்டியைத் திறந்து தன் சாமானை அதே ஆணியில் மாட்டுவான். பாய்க்குப் பார்த்தால் ஒரே ஆள்தான். அட்டாரி மினிக்ஸில் நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். தாயின் முறை வரும்போது பிள்ளையின் நினைவகத்தை மொத்தமாக வாரி ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தாயை அந்த இடத்தில் கொட்டுவார்கள். பிள்ளையின் முறை வந்தால் தலைகீழ். நிழல் மாதிரிக் கூடவே ஒரு பிரதி இருப்பதால் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஷேடோயிங்’ என்று பெயர். ஒவ்வொரு தடவையும் பைட் பைட்டாக வாரிக் கொட்டுவது கேவலமான வேலைதான், நேரத்தைத் தின்னும். ஆனால் பெரும்பாலும் பிள்ளை பிறந்த உடனேயே ‘எக்ஸெக்’ செய்து வேறு நிரலாக மாறிவிடும். வேலை கிடைத்ததும் தனி ரூம் பார்த்துக்கொண்டு போவது போல. அதன் பிறகு பாய்த் தகராறு இல்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்தே ஓடினால்தான் பாடு.

அறிவாளிகள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அந்தப் புத்தகத்திலுள்ள 12,000 வரியைவிட இந்த ஒரு பாய் யோசனைதான் பிடித்திருக்கிறது. இருக்கிற இடத்தில் ஒடுங்கிப் பிழைப்பவர்களுக்கு மட்டுமே தோன்றுகிற யோசனை.

பிறகு 1.5 பதிப்பில் மினிக்ஸ் அமிகா கம்ப்யூட்டருக்கும் வந்தது, மக்கின்டோஷுக்கும் வந்தது. மக்கின்டோஷில் மினிக்ஸ் சொந்த வீடு கட்டவில்லை. ஆப்பிளின் சிஸ்டத்துக்குள்ளேயே ஒரு சாதாரண அப்ளிகேஷனாக, உள்வாடகைக்கு ஓடியது. வீட்டுக்காரர் ஸ்விட்சை அணைத்தால் இவரும் அணைய வேண்டியதுதான்.

இதற்குள் மினிக்ஸை உடுத்தத் தொடங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பாக்கெட் வையுங்கள், காலர் வையுங்கள், முழுக்கை வையுங்கள் என்று வாத்தியாருக்குத் தினமும் கடிதம். வாத்தியார் தலையாட்ட மறுத்தார். ஒரு செமஸ்டரில் ஒரு பையன் முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கு மேல் ஒரு முழம்கூடத் துணி கிடையாது. அவர் போட்டது சாம்பிள் பீஸ். மேஜையில் வைத்துத் தையலைக் காட்ட. அதை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக நினைப்பது உங்கள் தப்பு. ஆஸ்திரேலியாவில் புரூஸ் எவன்ஸ் என்பவர் பொறுமையாக 386 சிப்புக்கு ஏற்ற ஒட்டுத் துணிகள் தைத்துக் கொடுத்தார். ஒரிஜினலை வாங்கி ஒட்டுகளை நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஹெல்சிங்கியில் ஒரு மாணவன் இப்படி ஒட்டி ஒட்டிச் சலித்துப்போனான். 1991 ஜனவரியில் 386 மெஷின் வாங்கி, மினிக்ஸ் போட்டு, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்கு போன் போட ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டான். மினிக்ஸ் இருந்த பகுதி ஒழிந்தது. சரி, இனி நம் சரக்கிலேயே வாழ்வோம் என்று அரைகுறையாக இருந்த தன் சிஸ்டத்துக்கே குடிபோனான். அதுதான் லினக்ஸ். ஒரே தப்பைத்தான் லினஸ் டோர்வால்ட்ஸும் நானும் செய்தோம். இரண்டு பேரும் எழுத்துப் பிசகி டிஸ்க்கை அழித்தோம். அவர் சரித்திரம் ஆனார். நான் சனிக்கிழமை சாயங்காலம் கட்டிங் டேபிளுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

1992 ஜனவரி 29 அன்று வாத்தியார், மினிக்ஸ் ரசிகர்கள் கூடும் கணினித் திண்ணையில், எல்லோரும் பார்க்க லினக்ஸைக் காலாவதி என்றார். சண்டையில் பாதி மைக்ரோகெர்னல் பற்றியது, அதை விட்டுவிடுவோம். மறுபாதி நம் விஷயம், மாற்றித் தைப்பது. என் மினிக்ஸ் இன்டெலிலிருந்து 68000-க்குப் போனது, ஸ்பார்க் சிப்புக்குப் போனது, நீ எழுதியதோ 386-க்கு மட்டும் அளவெடுத்த சட்டை, இந்தக் காலத்தில் இது பெரும் பிழை என்றார். என் மாணவனாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இருந்திருந்தால் நல்ல மார்க் கிடைத்திருக்காது என்றும் ஒரு குட்டு. இன்டெல் வகைச் சிப்புகளின் காலம் முடியப்போகிறது, இன்னும் ஐந்து வருஷத்தில் எல்லோரும் ஸ்பார்க் மெஷினில்தான் இருப்பார்கள் என்று ஜோசியமும் சொன்னார். பையன் சும்மா இருப்பானா? ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டான்.

விதிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. 386-ஐ விட்டு வெளியே போகாது என்ற லினக்ஸ் முதன்முதலாக மாறிப்போனது எங்கே? 68000 குடும்பத்துக்கு, அதாவது அமிகாவுக்கும் அட்டாரிக்கும். ஆனால் எம்எம்யூ உள்ள பெரிய மாடல்களுக்கு மட்டும். ஒரே பாயில் மாறி மாறிப் படுக்க அந்தப் பெரிய மனிதர் சம்மதிக்கவில்லை.

எங்கள் கம்பெனிச் சமாசாரத்துக்கு வருவோம். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியப்பா திரையைப் பார்த்தார். திரை அவரைப் பார்த்தது. கணக்குப்பிள்ளை குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கிழித்த சீட்டுகளைத் தரையில் பரப்பி ஒட்டிப் பார்த்தார். வெள்ளி, சனி இரண்டு நாள்தான் தேறியது.

“என்றா பண்ணுனே?”

“புது சிஸ்டம் போட்டேனுங்க பெரியப்பா.”

“பழசுக்கு என்ன கேடு?”

இதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடப் புத்தகங்கள் எதிலும் இன்றுவரை பதில் இல்லை. பெரியப்பா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “நீ எத்தனை பீஸ்னு நீயே சொல்லு கண்ணு” என்று கேட்டு எழுதி, அந்தக் கணக்குப்படியே பணத்தை எண்ணிக் கொடுத்தார். எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ராத்திரி கூட்டிப் பார்த்தால், அந்த வாரம் கட்டிங்கில் வெட்டியதைவிட அறுநூறு பீஸ் கூடுதலாகத் தைத்திருந்தார்கள்.

டானென்பாம் 2000-ல் மினிக்ஸை பிஎஸ்டி உரிமத்தில் திறந்துவிட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், காசு வேண்டாம். 2005-ல் மூன்றாம் மினிக்ஸ் வந்தது. சில வருஷம் கழித்து இன்டெலின் ஒரு குழு அவரைத் தொடர்புகொண்டு ஏகப்பட்ட நுணுக்கக் கேள்விகள் கேட்டது. நினைவகம் குறைவாகப் பிடிக்கும்படி செய்து கொடுக்க முடியுமா, இந்த இந்தப் பகுதியை வேண்டாதபோது கழற்றி வைக்க முடியுமா என்று திருத்தம் சொன்னது. அவரும் செய்து கொடுத்தார். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. பிறகு சத்தமே இல்லை. 2017-ல்தான் வெளியே வந்தது: இன்டெலின் புது சிப்புகளுக்குள் ‘மேனேஜ்மென்ட் என்ஜின்’ என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் ஓடுகிறது, அதற்குள் ஓடுவது மினிக்ஸ். எந்தச் சிப்புக் குடும்பம் ஒழியும் என்று ஜோசியம் சொன்னாரோ அதன் வயிற்றுக்குள்ளேயே, கோடிக்கணக்கில். வாத்தியாருக்கே பத்திரிகை பார்த்துத்தான் தெரியும். திறந்த கடிதம் எழுதினார். பணம் கேட்கவில்லை, நன்றி சொன்னார். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் நாசூக்காகக் குறிப்பிட்டார்.

இதைப் பெரியப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? கம்பெனியைப் பையன்களிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். முழுக் கதையும் சொன்னேன். சாம்பிள் வாங்கிக்கொண்டு போனது, அங்கே சுருக்கு, இங்கே கழற்று என்று திருத்தம் சொன்னது, பிறகு பேச்சுமூச்சில்லாமல் போனது, கடைசியில் ஊரான் கடையில் தன் சரக்கையே பார்த்தது. ஆர்வமாகக் கேட்டார். இந்த மாதிரி பையர் அவருக்குப் புதுசில்லை.

“ஆர்டர் குடுக்கவே இல்லையா?”

“இல்லைங்க.”

“சாம்பிளுக்காச்சும் காசு வாங்குனாரா?”

“வாங்கலைங்க.”

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவால்ல உடு. அந்த வாத்தியாருக்கு அவரு பீஸ் எங்க போச்சுன்னு முப்பது வருசம் கழிச்சாச்சும் தெரிஞ்சுது. என்ற அறுநூறு பீஸ் எங்கடா போச்சு?”